முக்காலிக் கால்

சில வருஷங்களுக்கு முன் திருப்பாச்சேத்தியில் வண்டியை நிறுத்தி ஒரு கத்தி வாங்கினேன். அரிவாளுக்குப் பேர் போன ஊர். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது சமையலறைக்கு ஒரு சாண் கத்தி. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தது. பிடி கொஞ்சம் தடிமனாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, “கத்தி அடிக்கிறது எங்க சோலி சார். ஒங்க கை அளவு எங்களுக்கு எப்படித் தெரியும்? வேணும்னா தேச்சுக்கங்க” என்றார் ஆசாரி.

தேய்க்கவில்லை. போன மாதம் அந்தப் பிடி தனியாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. இரவெல்லாம் சிங்க்கில் ஊறப் போட்டால் எந்த மரம் தாங்கும்? உள்ளே போயிருந்த இரும்பு எலிவால் மாதிரி இருந்தது. பிடியின் துளை கரி பிடித்துக் கறுத்திருந்தது. வாலைப் பழுக்கக் காய்ச்சித்தான் மரத்துக்குள் இறக்கியிருக்கிறார்கள். சுட்டுக்கொண்டே போவதால் வாலின் அளவுக்கே மரம் இடம் விடும்.

புதுப் பிடியை நானே செய்வதென்று முடிவு. ஊரே கருங்காலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறது, என் கத்திக்கு ஒரு துண்டு கூடாதா என்று ஆசை. செதுக்கி, உப்புத்தாள் போட்டு, பளபளவென்று உருண்டையாக ஒன்று செய்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். சேனைக்கிழங்கு நறுக்கும்போது ஈரக் கையில் கத்தி அப்படியே சுழன்றது. கட்டைவிரலில் மூன்று தையல். உருண்டைப் பிடிக்கு மேல் கீழ் கிடையாது. முட்டை போல நீள்வட்டமாக இருந்தால்தான், கத்தியின் வாய் எந்தப் பக்கம் என்று இருட்டிலும் கைக்குத் தெரியும்.

அடுத்ததற்கு மரம் வாங்கவில்லை. பரணில் கிடந்த ஒடிந்த பூவரசு முக்காலியிலிருந்து ஒரு காலை எடுத்தேன். என்னைவிட வயதான மரம். இனிச் சுருங்க அதில் ஒன்றுமில்லை. பச்சை மரத்தில் செய்தால் காயும்போது நீளவாக்கில் அவ்வளவாகக் குறையாது, குறுக்கேதான் சுருங்கும். அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுத்தண்டோடு சேர்த்து எடுத்த கட்டை வெடிப்பது அதனால்தான்.

எங்கே தேய்ப்பது என்பதுதான் பெரிய குழப்பமாக இருந்தது. கடைசியில் உள்ளங்கையில் மஞ்சள்தூளைப் பூசிக்கொண்டு அரைமணி நேரம் சுரைக்காய் நறுக்கினேன். மஞ்சள் அழுந்திப் பிடித்த இடமெல்லாம் மேடு. அரத்தால் ராவி, திரும்பப் பூசி, திரும்ப நறுக்கி... மூன்று நாள் வீட்டில் சுரைக்காய்க் கூட்டுதான்.

வாலைச் சூடாக்கும்போது கத்தியின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டேன். சூடு சுமார் 300 டிகிரியைத் தொட்டால் இரும்பில் நீலம் பாயும், வாயின் பதம் போய்விடும். துளையில் அந்தக் காலத்து அரக்குக்குப் பதில் அரால்டைட். பிடியின் வாய்ப்பக்கம் பிளக்காமலிருக்கப் பித்தளைக் குழாயில் அறுத்த ஒரு பூண்.

எண்ணெய் விஷயத்தில்தான் அவமானம். நல்லெண்ணெய் தடவினேன். ஒரு வாரமாகியும் பிசுபிசுப்பு போகவில்லை, எறும்பு வேறு. நல்லெண்ணெய் காயாது. ஆளிவிதை எண்ணெய்தான் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கி இறுகும். அப்படி இறுகும்போது சூடும் கிளம்பும். தடவிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். கொடியில் விரித்துத்தான் காயப்போட வேண்டும்.

இப்போது கத்தி என் கையில் ஒட்டிப் பிறந்த மாதிரி உட்காருகிறது. மனைவி எடுத்து இரண்டு வெங்காயம் நறுக்கிப் பார்த்தாள்.

“தடியா இருக்குங்க.”

அவள் உள்ளங்கையை நீட்டச் சொல்லி மஞ்சள்தூளைக் கொட்டினேன். முக்காலியில் இன்னும் இரண்டு கால் பாக்கியிருக்கிறது.