நேர்த்தி இல்லாத ஒரு பயணம்

கற்பிட்டிக் கடலின் அடியை நன்றாகப் பார்த்தவர்கள் யார் என்று உல்லாசப் பயணத்துறையைக் கேட்டால், பவளப் பாறை பார்க்க முகக்கண்ணாடி மாட்டி இறங்குகிற வெள்ளைக்காரரின் படத்தைக் காட்டுவார்கள். ஊரைக் கேட்டால் வேறு ஆட்களைச் சொல்லும். கடலட்டைக்கும் சங்குக்கும் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் அவர்கள். கரையோரம் அட்டை குறையக் குறைய ஆழம் தேடிப் போனவர்கள். ஆழத்தில் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைதரசன், ஆள் அவசரமாக மேலே வந்தால் சோடாப் போத்தலைத் திறந்தது போலக் குமிழ் விடும். அந்தக் குமிழ் முள்ளந்தண்டு வடத்தில் அடைத்தால், நீந்தி வந்தவன் கரையில் எழுந்து நிற்க மாட்டான்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு அண்ணன் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தெற்கே மாரவில, வென்னப்புவப் பக்கம் போனால் இதே நிலையில் கள் சீவுகிறவர்களைக் காணலாம். மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நடந்து போகிற தொழில் அது. ஒரு கால் தவறினால் மிச்சக் காலமெல்லாம் நாற்காலிதான். கடலும் தென்னையும்தான் புத்தளம் மாவட்டத்துக்குச் சோறு போடுகின்றன. சக்கர நாற்காலியில் ஆட்களை இருத்துவதும் அவையே.

"கடல் சத்தம் ராவெல்லாம் கேக்குது தம்பி, கிட்டப் போகத்தான் ஏலாது" என்றார் அந்த அண்ணன். வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் இருப்பது ஒரு பனங்கூடலும் கொஞ்ச மணலும். சக்கர நாற்காலியின் முன் சக்கரங்கள் சின்னவை. மணலில் இரண்டடி போவதற்குள் புதைந்து, ஆளை முகங்குப்புறத் தள்ளப் பார்க்கும். பின்பக்கமாகத் திருப்பி இழுத்தால் கொஞ்ச தூரம் போகலாம், ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போக வேண்டும். தூக்கிக்கொண்டு போக இரண்டு மருமக்கள் இருக்கிறார்கள். அவருக்கு அது பிடிக்காது. மூட்டை தூக்குகிற மாதிரித் தூக்குகிறான்கள் என்பார்.

அவர் வெளியே போகாத ஆள் இல்லை. கிளினிக்குக்குப் போகிறார். வருடம் ஒருமுறை தலவில அன்னம்மாள் கோயிலுக்கும் போகிறார்.

இந்தக் கரையில் நடக்க முடியாதவர்கள் அதிகம் பேர் ஒன்றாகக் கூடும் இடம் எந்தக் கடற்கரை ஹோட்டலும் அல்ல, தலவில திருவிழாதான். மார்ச்சில் ஒன்று, ஆகஸ்டில் பெரியது. 1843 இல் எழுந்த கோயில், பின்னால் கடல், சுற்றிலும் கொட்டில்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். லொறியில் மெத்தை விரித்து, பானை சட்டி ஏற்றி, கிழவியையும் போலியோக் காலையும் கண் தெரியாத பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து நாள் கணக்கில் தங்குவார்கள். தெற்கே முன்னேஸ்வரத் திருவிழாவுக்கும் உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும் அப்படித்தான் போகிறார்கள். சாய்தளம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. பத்துக் கை இருக்கிறது, தூக்கிவிடுகிறது. அங்கே மட்டும் எங்கள் அண்ணனும் தூக்கவிடுவார். நேர்த்தி ஆயிற்றே.

எனக்குள்ள முறைப்பாடு இதுதான். காலில்லாத ஒருவரை வெளியே கூட்டிப்போக எங்கள் குடும்பங்களுக்கு ஒரு காரணம் வேண்டும். வைத்தியம் காரணம். நேர்த்தி காரணம். அதிகம் போனால் ஒரு கலியாணம். கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு அந்தியில் அலையைப் பார்த்துவிட்டு வர ஒரு லொறியும் புறப்படாது. "சும்மா போய் என்ன செய்ய?" என்பார்கள். வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் சும்மாதான் போகிறார்கள். பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்ற கணக்கும் சேர்ந்துவிடும்.

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தில் 30 ஆவது உறுப்புரை பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு, சுற்றுலா ஆகியவற்றைப் பெயர் சொல்லியே உரிமைகளாக வைக்கிறது. இலங்கை 2016 இல் அதை ஏற்று உறுதிசெய்தது. உள்நாட்டில் 1996 இலேயே சட்டம் வந்தது. பொது இடங்களின் அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தன. வந்து கிடந்தன என்றே சொல்ல வேண்டும். அவற்றைத் தூசு தட்டி எடுத்தவர் கலாநிதி அஜித் பெரேரா. டெஸ்ட் கிரிக்கெட் நடுவர் குழுவில் இடம்பெற்ற இரசாயனவியலாளர். 1992 இல் வீதியோர மரமொன்று அவர் காரின் மேல் சரிந்தது, அதோடு கால்கள் இயங்காமல் போயின. உயர் நீதிமன்றத்தில் அவர் போட்ட அடிப்படை உரிமை வழக்கில்தான், புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் ஒழுங்குவிதிப்படியே இருக்க வேண்டும், மீறுவது தண்டனைக்குரிய குற்றம் என்று 2009 ஏப்ரல் 27 அன்று கட்டளை வந்தது. 2020 இல் அவர் காலமானார். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் ஏதோவொரு வகையில் இயலாமை உள்ளவர்கள் 16 இலட்சம் பேர். இவ்வளவு பேருக்காக ஒரு மனிதர் தன் நாற்காலியோடு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

சட்டம் இருந்தும் ஏன் நடக்கவில்லை என்பதற்குச் சாய்தளங்களைப் பார்த்தாலே போதும். உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் ஒன்றரை அடி, அதற்குச் சாய்தளம் 18 அடி நீள வேண்டும். எங்கள் ஊர் மேசன் பாஸ் அதை ஐந்தடியில் முடித்துத் தருவார். திறப்பு விழாவில் படம் எடுக்கலாம், மோட்டார் சைக்கிளை ஏற்றலாம். நாற்காலியில் இருக்கிறவர் தானாக ஏறவும் முடியாது, இறங்கினால் நேரே வாசலுக்கு எதிரே உள்ள தெருவில்தான் நிற்பார்.

அதைவிடப் பெரியது கழிப்பறை. ஒரு நாள் வெளியே போவதற்கு முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிற ஆட்களை எனக்குத் தெரியும். புத்தளம் வெயிலில் இது உயிரோடு விளையாடுவது. கதவு நாற்காலிக்குப் போதுமான அகலத்தில், உள்ளே திரும்ப இடத்தோடு, பிடித்து மாற ஒரு கம்பியோடு, முக்கியமாகப் பூட்டுப் போடாமல், வழி நெடுக ஒன்றிரண்டு இருந்தால் பாதிப் பேர் புறப்பட்டுவிடுவார்கள். சாப்பாடும் படுக்கையும் அவர்களுக்கு இரண்டாவது கேள்வி.

மணலுக்கு வழி உண்டா? சென்னை மெரினாவில் ஆண்டுக்கு ஒருமுறை தற்காலிகமாகப் பலகை விரித்துக்கொண்டிருந்தவர்கள், மாற்றுத்திறனாளி அமைப்புகள் விடாமல் கேட்டதில் 2022 நவம்பரில் 263 மீற்றர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். அலைக்குப் பக்கத்தில் முதல் முறையாகப் போனவர்கள் அழுத படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. இரண்டு வாரம் ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து பாதையின் முனையைப் பிய்த்துப்போட்டது. பிறகு செப்பனிட்டார்கள். கேலி பேச ஆள் வந்தது போலவே பாடம் படிக்கவும் இடம் உண்டு: அலையோரம் வரை மரத்தை அறைவதைவிட, சுருட்டி எடுக்கக்கூடிய விரிப்பு நல்லது. வேறு நாடுகளில் இதற்குச் செயற்கை இழைப் பாய் விற்கிறார்கள். தும்பு ஆலைகள் நிறைந்த மாவட்டம் இது, தெங்கு ஆராய்ச்சி நிலையமே லுணுவிலவில் இருக்கிறது. மண்ணரிப்பைத் தடுக்கத் தும்பு வலை நெய்கிறவர்கள், சக்கரம் புதையாத தடித்த தும்புப் பாய் ஒன்றை நெய்து பார்க்கக் கூடாதா? சரிவராமலும் போகலாம். பார்த்தால்தானே தெரியும்.

டொல்பின் பார்க்கப் போகிற விடயம் இன்னும் எளிது என்று நான் நினைக்கிறேன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். ஆலங்குடாக் கரையில் பைபர் படகை மணலில் தள்ளி, முழங்கால் தண்ணீரில் நடந்து ஏறுவார்கள். நாற்காலிக்காரர் அங்கே தொலைந்தார். ஆனால் கற்பிட்டித் தீபகற்பத்துக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. உள்பக்கம் களப்பு. அலை இல்லை, இறங்குதுறை உண்டு. துறையின் மட்டத்துக்குப் படகு விளிம்பு வரும்படி ஒரு மிதவையும் இரண்டு பலகையும் வைத்தால், ஆள் தானே சறுக்கி ஏறலாம். முதுகு சாய ஒரு இருக்கை, நெஞ்சோடு ஒரு பட்டி, ஆளுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி. திறந்த கடல் வரை போக நேரமும் எரிபொருளும் கூடும், அது உண்மை. கடல் வேண்டாம் என்றால் களப்பிலேயே கண்டல் காட்டோரம் ஒரு சுற்று வரலாம். ஒல்லாந்தர் 1667 இல் கட்டத் தொடங்கிய கோட்டையைத் தண்ணீரிலிருந்தே பார்க்கலாம். கோட்டைக்குள் போக எப்படியும் கடற்படையின் அனுமதி வேண்டும், கொத்தளத்துப் படிகள் வேறு.

படகுக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "செய்யலாம், ஆனா ஆள் வருமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வந்தால் தனியாக வராது, ஐந்தாறு பேராக வரும். தலவிலவுக்கு லொறி பிடித்து வருகிற அதே குடும்பங்கள்தான். எங்கள் அண்ணனிடம் கேட்டதற்கு, டொல்பினை அவர் எண்ண முடியாத அளவு பார்த்துவிட்டாராம், அதற்குக் காசு கொடுக்கிறவன் மடையன் என்றார். இன்ஜினை மட்டும் கையில் தருவார்களா என்று கேட்டார்.

அடுத்த வருடத்துக்கான வரவுசெலவுத் திட்டத்தைப் பிரதேச சபைகள் வருட முடிவுக்குள் நிறைவேற்றியாக வேண்டும். கடற்கரை அபிவிருத்தி என்ற தலைப்பில் வழக்கமாக வாங்குகளும் மின்விளக்கும் வளைவும் வரும். வளைவை இந்த முறை விட்டுவிடலாம். அந்தக் காசில் இறங்குதுறையில் ஒரு மிதவையும், பக்கத்தில் அகலக் கதவு போட்ட ஒரு கழிப்பறையும் கட்டலாம். சாவி சபை எழுதுவினைஞரின் மேசை லாச்சியில் இருக்கக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.