வில்லனின் படகில் நாம் யார்?

கடந்த விடுமுறையில் ஒரு நாள் இரவு, என் தம்பி வாப்பாவின் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவின் டிஸ்னிலேண்ட் பூங்காவில் உள்ள ‘பைரேட்ஸ் ஒஃப் த கரீபியன்’ என்ற படகுச் சவாரியை யாரோ ஒருவர் முன் இருக்கையில் இருந்தபடி படம் பிடித்திருந்தார். படகு இருட்டுக்குள் மெல்லப் போகிறது. இரு பக்கமும் கடற்கொள்ளையர் ஓர் ஊரைச் சூறையாடுகிறார்கள். வீடுகள் எரிகின்றன. கொள்ளையர் பாடிக் குடித்துக் கும்மாளமிடுகிறார்கள். தம்பி சிரித்துச் சிரித்துப் பார்த்தான். முடிந்ததும் என்னிடம் கேட்டான்:

“தாத்தா, இந்தப் படகுல போற நாங்க ஆரு? கள்ளன்ட ஆக்களா, ஊர் ஆக்களா?”

எட்டு வயதுப் பிள்ளையின் கேள்விதான். ஆனால் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பல நாட்கள் யோசித்த பிறகு கிடைத்த பதிலையே இங்கே எழுதுகிறேன்.

இன்றைக்கு இக்கேள்வி ஏன் முக்கியம்? உலகின் பெரிய தீம் பார்க்குகள் இப்போது வில்லன்களை நோக்கித் திரும்பியிருக்கின்றன. புளோரிடாவிலுள்ள மேஜிக் கிங்டம் பூங்காவில் வில்லன்களுக்கென்றே ஒரு தனிப் பகுதி அமைக்கப்படும் என்று 2024 ஓகஸ்டில் டிஸ்னி நிறுவனம் அறிவித்தது. இரண்டு பெரிய சவாரிகள், உணவகம், கடைகள் எல்லாம் அதில் வரவிருக்கின்றன. 2025 மே மாதம் ஒர்லாண்டோவில் திறக்கப்பட்ட யுனிவர்சல் நிறுவனத்தின் ‘எபிக் யுனிவர்ஸ்’ பூங்காவிலுள்ள ஐந்து உலகங்களில் ஒன்று, பிராங்கன்ஸ்டைன், டிராகுலா போன்றோருக்கு உரிய இருண்ட கிராமம். முன்பெல்லாம் வில்லன் கதையின் நடுவில் வந்து பயமுறுத்திவிட்டுப் போவான். இப்போது அவனுக்கு வீதியும் வீடும் கடையும் கட்டிக் கொடுக்கிறார்கள். இதைச் சொன்னபோது உம்மா கேட்டார்: “கெட்டவனுக்கும் ஒரு ஊரா?”

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் வில்லன்களைப் பிடிக்கும். ஒன்பதாம் தரத்தில் ஆங்கில தினத்துக்கு ‘ஸ்னோ வைட்’ நாடகம் போட்டோம். சூனியக்காரி வேடத்துக்கு ஏழு பேர் கை உயர்த்தினோம். ஸ்னோ வைட் வேடத்துக்கு ஒருவரும் இல்லை. ஆசிரியை கட்டாயப்படுத்தி ஒரு தோழியைத் தெரிவு செய்தார். அவள் செய்ததெல்லாம் பாடியதும், அப்பிளைக் கடித்ததும், விழுந்து கிடந்ததும்தான். சூனியக்காரிக்கோ கறுப்பு அங்கி, கண்ணாடி, மருந்து, உரத்த சிரிப்பு எல்லாமே இருந்தன. வில்லன் எதையாவது விரும்புகிறான், திட்டமிடுகிறான், செய்கிறான். நல்லவர்களோ பல கதைகளில் காத்திருக்க மட்டுமே செய்கிறார்கள். சில நிமிடங்களே ஓடும் ஒரு சவாரியில் வில்லன் தோன்றிய கணமே கதை தொடங்கிவிடுகிறது. பூங்காவை வடிவமைப்பவர்கள் அவனை நாடுவதில் வியப்பில்லை.

ஆகவே வில்லனுக்கு இடம் கொடுப்பது பிழை என்று நான் சொல்லவரவில்லை. அந்த இடத்தில் நம்மை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதும், அவனால் பாதிக்கப்பட்டவர் நம் கண்ணுக்குத் தெரிகிறாரா என்பதுமே என் கேள்விகள்.

ஸ்னோ வைட் சவாரியையே எடுத்துக்கொள்வோம். 1955 இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே அது இருந்தது. அச்சவாரியில் சூனியக்காரி இருந்தாள், குள்ளர்கள் இருந்தார்கள், ஸ்னோ வைட் மட்டும் இல்லை. காரணம், வண்டியில் இருப்பவரே ஸ்னோ வைட் என்று வடிவமைத்தவர்கள் எண்ணினார்கள். காட்டில் துரத்தப்படுவதும் நாம், அப்பிள் நீட்டப்படுவதும் நமக்கு. ஆனால் பார்வையாளர் பலருக்கு இது விளங்கவில்லை. “ஸ்னோ வைட் எங்கே?” என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார்கள். கடைசியில் 1983 இல் சவாரியைப் புதுப்பித்தபோது அவளுக்கும் ஓர் உருவம் வைத்தார்கள்.

எனக்கு அந்தப் பழைய எண்ணம் பிடித்திருக்கிறது. துரத்தப்படுவது எப்படி இருக்கும் என்பதை அது நம் நெஞ்சிலேயே உணரவைக்க முயன்றது. ஆனால் அது விளங்காமல் போனதிலும் ஒரு பாடம் உண்டு. பாதிக்கப்பட்டவரின் முகத்தை எடுத்துவிட்டால், பார்ப்பவர் மனதில் தங்குவது சூனியக்காரி மட்டும்தான்.

இனி, தம்பி பார்த்த கொள்ளையர் சவாரிக்கு வருவோம். அது 1967 இல் திறக்கப்பட்டது. அதிலே ஒரு காட்சி. ஊர்ப் பெண்களைக் கயிற்றால் கட்டி வரிசையில் நிறுத்தி, மணமகளாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொள்ளையர் ஏலம் விடுகிறார்கள். சுற்றி இருந்தவர்கள் சிரிக்க, படகில் இருந்த குடும்பங்களும் சிரித்துக்கொண்டே கடந்து போயின. இன்னொரு காட்சியில் கொள்ளையர் பெண்களைத் துரத்தினார்கள். அதை 1997 இல் உணவுக்காகத் துரத்துவதுபோல மாற்றினார்கள். ஏலக் காட்சி மாற 2018 வரை சென்றது. அதாவது 51 ஆண்டுகள்! இப்போது அங்கே கொள்ளையடித்த பொருட்கள்தான் ஏலம் விடப்படுகின்றன. கயிற்றில் கட்டப்பட்டு நின்ற செந்தலைப் பெண், கையில் துப்பாக்கியுடன் தானும் ஒரு கொள்ளைக்காரியாக நிற்கிறாள்.

மாற்றத்தை அறிவித்தபோது பழைய இரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். கொள்ளையர் என்றால் அப்படித்தானே இருப்பார்கள் என்பது அவர்களின் வாதம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கொள்ளையரை நல்லவர்களாகக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை. கொடுமையைக் கொடுமையாகவே காட்டியிருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். அக்காட்சி அதை நகைச்சுவையாகக் காட்டியது. நம்மை அமர்த்திய இடம் ஏலம் கேட்பவர்களின் பக்கம். கட்டப்பட்டு நின்ற பெண்ணின் மனதில் என்ன இருந்தது என்று நினைக்க அங்கே இடமே இல்லை.

மாற்றத்தை நான் வரவேற்கிறேன். இருந்தாலும் ஒரு குறை எஞ்சியிருக்கிறது. அந்தப் பெண் ஏலத்திலிருந்து தப்ப ஒரே வழி அவளும் கொள்ளைக்காரியாவதுதானா? அவள் கையால் மற்றப் பெண்களின் கயிறுகள் அறுபடுவதை நான் பார்க்க விரும்பியிருப்பேன்.

இதைவிடச் சிறப்பாகச் செய்யப்பட்ட ஒரு சவாரி ஜப்பானில் இருக்கிறது. டோக்கியோ டிஸ்னிசீ பூங்காவில் 2006 இல் திறந்த ‘டவர் ஒஃப் டெரர்’ தான் அது. அங்கே வில்லன் ஹரிசன் ஹைடவர் என்ற கற்பனைச் செல்வந்தர். உலகெங்கும் பயணம் செய்து, பிற மக்களின் சிலைகளையும் புனிதப் பொருட்களையும் அபகரித்து வந்து நியூயோர்க்கில் தன் ஹோட்டலை நிரப்பியவர். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு சிலையை அவர் ஏளனம் செய்ய, 1899 ஆம் ஆண்டின் கடைசி இரவில் மின்தூக்கியோடு காணாமல் போகிறார். நாம் அதே கட்டடத்தில் மின்தூக்கியில் ஏறி, மேலிருந்து விழுகிறோம். வரவேற்பு மண்டபத்து ஓவியங்களில் அவர் பொருட்களை அள்ளிக்கொண்டு ஓட, சொந்தக்காரர்கள் பின்னால் துரத்துகிறார்கள். இடம் முழுக்க அவருடைய ஆடம்பரம்தான். ஆனால் சுவர்களே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

இதைப் பற்றி அறிந்தபோது எனக்கு நம் நாட்டுப் பீரங்கி ஒன்று ஞாபகம் வந்தது. 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற அழகிய சிறு பீரங்கி அது. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்த அதையும் வேறு ஐந்து பொருட்களையும் 2023 இல்தான் நெதர்லாந்து நமக்குத் திருப்பிக் கொடுத்தது. ஹைடவர் கற்பனைதான். ஆனால் அவரைப் போன்றவர்கள் நம் கரைக்கும் வந்து போயிருக்கிறார்கள். கிரீடமும் வாளும் இல்லாத, கோட்டு அணிந்த அறிவாளியும் வில்லனாக இருக்கலாம் என்று சொல்லும் துணிவு அந்தச் சவாரிக்கு இருந்தது. அதிலும் ஒரு குறை உண்டு. சிலையை இழந்த மக்கள் ஓவியத்தில் மட்டும்தான் வருகிறார்கள். சிலையோ பச்சைக் கண்களால் மிரட்டும் பேயாக நிற்கிறது.

வில்லனின் முகமாக யாருடைய முகத்தைத் தெரிவு செய்கிறார்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். 1992 இல் வந்த ‘அலாதீன்’ படத்தில் கதாநாயகனும் கதாநாயகியும் அமெரிக்கர் போலப் பேசுவார்கள். கடைத்தெருக்காரர்களும் காவலர்களும்தான் அந்நிய உச்சரிப்பில் பேசுவார்கள். அரபு நாட்டைக் காட்டுமிராண்டி நாடு என்று வருணித்த தொடக்கப் பாடலுக்கு அமெரிக்காவில் வாழும் அரபு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால், 1993 இல் வீடியோவாக வெளிவந்தபோது அதில் ஓரிடம் திருத்தப்பட்டது. தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த ஜஃபரைப் பார்த்து வளரும் வெளிநாட்டுப் பிள்ளை, நம் பாட்டன்மாரின் பழைய படத்தைப் பார்த்தால் என்ன நினைக்கும்? திரையில் இரண்டு மணித்தியாலம் வந்துபோகும் முகம் ஒரு பூங்காவில் கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டால், பல ஆண்டுகள் அங்கேயே நிற்கும்.

“இதெல்லாம் விளையாட்டுத்தானே, ஏன் இவ்வளவு யோசிக்கிறாய்?” என்று என் தோழிகள் கேட்கிறார்கள். விளையாட்டுத்தான். ஆனால் பிள்ளைகள் விளையாட்டில்தான் பக்கம் தெரிவு செய்யப் பழகுகிறார்கள்.

பெற்றோர் சிலரோ, வில்லன்களைப் பற்றிய பேச்சே பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பார்கள். அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் புனித குர்ஆனே பிர்அவ்னைப் பற்றியும் காரூனைப் பற்றியும் திரும்பத் திரும்பப் பேசுகிறதே. ஆனால் பிர்அவ்னின் அதிகாரம் சொல்லப்படும் இடத்தில், குழந்தையை ஆற்றில் விட்ட தாயின் தவிப்பும் சொல்லப்படுகிறது. அடக்கப்பட்ட மக்களும் அங்கே இருக்கிறார்கள். அவனுடைய மாளிகைக்குள்ளேயே இருந்துகொண்டு அவனை மறுத்த ஒரு மனைவியும் இருக்கிறார். பூங்காவோடு ஒப்பிட இதைச் சொல்லவில்லை. தீயவனைப் பற்றிப் பேசும்போது யாரை மறக்கக்கூடாது என்பதை நான் கற்றது இங்கிருந்துதான்.

வில்லனின் மனக்காயத்தைக் காட்டுவது இப்போதைய வழக்கம். அதுவும் நல்லதே. மேரி ஷெல்லி ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். படைத்தவனே கைவிட்ட அந்த உயிருக்காக நம்மை இரங்க வைக்கிறார். அதே சமயம், அது கொன்ற சிறுவன் வில்லியத்தையும் அவர் மறைக்கவில்லை. இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன. ஒருவனைப் புரிந்துகொள்வது வேறு, அவன் செய்ததை அழித்துவிடுவது வேறு.

என்னிடம் வில்லன்களுக்கு ஓர் ஊர் அமைக்கச் சொன்னால் எப்படி அமைப்பேன்? ‘லிட்டில் மேர்மெய்ட்’ படத்தில் வரும் கடல் சூனியக்காரி அர்சுலாவின் குகை வாசலில் சுருங்கிப்போன உயிர்கள் முளைத்து நிற்கும். அவளுடைய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு ஏமாந்தவர்கள் அவர்கள். சவாரிக்கு வரிசையில் நிற்கும் இடத்தை அந்தத் தோட்டமாகவே ஆக்குவேன். ஒவ்வொருவரும் எதற்கு ஆசைப்பட்டார், எதை இழந்தார் என்பதை நடந்துகொண்டே கேட்கலாம். குகைக்குள் போனதும் அர்சுலா நமக்கும் ஒப்பந்தத்தை நீட்டட்டும். அவள் குரல் இனிமையாகவே இருக்கட்டும். வாசலில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்ப்போம். ஸ்னோ வைட் நாடகத்தில் விழுந்து கிடந்த தோழிக்கும் அப்போது பேச ஒரு வசனம் கிடைத்திருக்கும்.

சில நாட்களுக்குப் பிறகு தம்பியோடு மறுபடி அந்த வீடியோவைப் பார்த்தேன். “படகு செஞ்சவங்க எங்கள கொள்ளக்காரன்ட பக்கத்துல வெச்சிருக்காங்க. நீ இந்த முற ஊர் ஆக்கள மட்டும் பாரு” என்றேன். ஊர்த் தலைவரைக் கொள்ளையர் கிணற்றில் முக்கி எடுக்கும் இடம் வந்ததும் அவன் வீடியோவை நிறுத்தினான். மேல்மாடி ஜன்னலைக் காட்டினான்.

“தாத்தா, இஞ்ச ஒரு பொம்பள நிக்கிறா. அண்டைக்கி நான் காணவே இல்ல.”

அவள் அன்றும் அங்கேதான் நின்றாள். சிரித்துக்கொண்டே அவளைக் கடந்து போயிருந்தோம்.