கோடரி விலகினால் போதுமா? வேர்களுக்கு யார் காவல்?

மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தின் போசே கிராமத்தில், எல்லம்மா கோயில் அருகே நின்ற ஆலமரத்துக்கு வயது சுமார் 400 என்பது அவ்வூர் மக்களின் கணக்கு. ஏறத்தாழ 400 சதுர மீட்டர் பரப்பில் கிளை விரித்திருந்த அந்த மரம், ரத்னகிரி – சோலாப்பூர் தேசிய நெடுஞ்சாலைப் பணிக்காக வெட்டப்படவிருந்தது. 2020 ஜூலையில், கொரோனா காலக் கெடுபிடிகளுக்கு நடுவிலும், கிராம மக்களும் சூழல் ஆர்வலர்களும் மரத்தைச் சூழ்ந்து நின்றனர். அன்றைய மாநிலச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஆதித்ய தாக்கரே, ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரிக்குக் கடிதம் எழுதினார். சாலைத் திட்டம் மாற்றப்பட்டது. மரம் காப்பாற்றப்பட்டது என்று செய்திகள் வந்தன.

2022ஆம் ஆண்டு மழைக்காலம் தொடங்கிய வேளையில் அந்த ஆலமரம் சாய்ந்து விழுந்தது.

மழையின் மீது பழியைப் போட்டுக் கோப்பை மூடிவிடுவது எளிது. ஆனால் நூற்றுக்கணக்கான மழைக்காலங்களைத் தாங்கிய மரம் அது. அதன் அருகே புதிதாக வந்தது மழை அல்ல, சாலை. மரத்தை வெட்டாமல் விட்ட அரசு, அந்த மரம் ஊன்றி நிற்கும் மண்ணையும் விட்டுவைக்க வேண்டும் என்று கருதியதா? பழம்பெரும் மரங்களைப் பற்றி நாடெங்கும் எழ வேண்டிய கேள்வி இதுவே.

மண்ணுக்கு அடியில் விழும் வெட்டு

மரம் என்றதும் ஆட்சியாளர்களின் கண்ணுக்குத் தெரிவது தண்டும் கிளைகளும்தாம். ஆனால் மரத்துக்கு ஊட்டம் தரும் வேர்களில் பெரும்பகுதி, மேல்மண்ணின் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவிக் கிடக்கிறது. பொக்லைன் எந்திரம் ஒரு பள்ளம் தோண்டினால் அவ்வேர்கள் அறுபடும். கனரக வண்டிகள் ஏறியிறங்கினால் மண் இறுகிப்போகும். மண்ணைக் கொட்டி மேடாக்கினால் வேர்களுக்குக் காற்று கிடைக்காது. தாரும் கான்கிரீட்டும் மூடினால் மழைநீர் இறங்காது. சாலைக்கு இடைஞ்சல் என்று விழுதுகளை நறுக்கினால் ஆலமரம் தன் ஊன்றுகோலையே இழந்துவிடும்.

இந்தக் காயங்கள் எதுவும் மரத்தை அன்றே சாய்ப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு காற்றில் அது விழும்போது ஒப்பந்ததாரர் தொகையைப் பெற்றுக்கொண்டு போயிருப்பார், பொறுப்பதிகாரி மாறுதலாகியிருப்பார். கோடரியால் வெட்டினால் அனுமதி கேட்க வேண்டும், மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேரை அறுத்தால் எதுவும் வேண்டாம்.

இதற்கு நேர்மாறான சான்று ஹவுராவில், ஜகதீஷ் சந்திர போஸ் தாவரவியல் பூங்காவில் நிற்கிறது. 250 ஆண்டுகளைக் கடந்த அந்தப் பேராலமரத்தின் தாய்த்தண்டு நோயுற்று, 1925இல் அகற்றப்பட்டது. ஆனாலும் மரம் சாகவில்லை. விழுதுகள் மண்ணில் இறங்க இடம் இருந்ததால், இன்று ஆயிரக்கணக்கான விழுதுகளின் மீது ஒரு தோப்பைப் போல நிற்கிறது. இடம் கொடுத்தால் தண்டு இல்லாமலும் ஆலமரம் வாழும். இடத்தைப் பறித்தால் தண்டு முழுதாக இருந்தும் பயனில்லை.

சட்டம் எந்தப் பக்கம்?

பிரிட்டனின் கட்டுமானத் தரவிதி, தண்டின் விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரமுள்ள நிலப்பரப்பை வேர்களுக்கான காப்பு வட்டமாக வகுக்கிறது. தண்டின் விட்டம் ஒரு மீட்டர் என்றால், சுற்றிலும் 12 மீட்டருக்கு வேலை நடக்கக் கூடாது. நம் தலைநகர் டெல்லியிலோ, மரங்களைச் சுற்றி வெறும் ஒரு மீட்டர் அளவுக்கேனும் கான்கிரீட்டை அகற்றுங்கள் என்று 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டியிருந்தது.

மகாராஷ்டிர அரசு 2021இல் மரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 50 ஆண்டுகளைக் கடந்தவற்றைப் பாரம்பரிய மரங்கள் என வரையறுத்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அது நகர்ப்புறங்களுக்கான சட்டம். நெடுஞ்சாலைகள் பிளந்து செல்லும் கிராமங்களின் மரங்களுக்கு அதில் இடமில்லை.

நெடுஞ்சாலைகளுக்கோ சட்டம் சிவப்புக் கம்பளம் விரிக்கிறது. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூடுதல் நில அகலமும் தேவைப்படும் விரிவாக்கத்துக்கு மட்டுமே முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று, காங்கிரஸ் தலைமையிலான ஒன்றிய அரசு 2013இல் விதியைத் தளர்த்தியது. பாஜக அரசு ஒருபடி மேலே சென்று, 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தையே திருத்தி, எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அமையும் முக்கியச் சாலைத் திட்டங்களுக்கு விலக்களித்தது. தெலங்கானாவின் செவெல்லா பகுதியில் நூற்றுக்கணக்கான ஆலமரங்கள் அணிவகுத்து நிற்கும் நெடுஞ்சாலையின் விரிவாக்கம் சுமார் 46 கிலோமீட்டர்தான். அம்மரங்களுக்காக மக்கள் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியதாயிற்று.

நிழலுக்கு விலை போட்டும் பயனில்லை

மேற்கு வங்கத்தின் ஜெஸ்ஸோர் சாலை, 1971இல் லட்சக்கணக்கான அகதிகள் நடந்து வந்த சாலை. அதன் ஓரத்து முதுமரங்கள் 356ஐ ரயில்வே மேம்பாலங்களுக்காக வெட்ட மாநில அரசு முனைந்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்றும், 300 மரங்களின் மதிப்பு 220 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. ஆயினும் 2023இல் மரங்களை வெட்ட அனுமதி கிடைத்தது.

ரயில்வே கேட்டுகளில் மக்கள் உயிரிழக்கிறார்களே, சாலை வேண்டாமா என்று கேட்பார்கள். சாலை வேண்டும், விபத்தில்லாத சாலையே வேண்டும். ஆனால் உயிர்களைக் காட்டி மரங்களை வெட்டுவோர், மாற்றுப் பாதைகளை மக்கள் முன் வைத்து விவாதித்தார்களா? போசேயில் மக்கள் திரண்டபோது திட்டத்தை மாற்ற முடிந்தது. ஆக, தடையாக இருப்பது பொறியியல் அல்ல. செலவைக் குறைத்து வேலையை விரைந்து முடிக்கும் ஒப்பந்த லாபக் கணக்கே. அந்தக் கணக்கில், வெயிலில் உழைத்துவிட்டு மரத்தடியில் அமரும் விவசாயத் தொழிலாளிக்கும், அங்கே கடை விரிக்கும் சிறு வியாபாரிக்கும், பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும் எந்த மதிப்பும் இல்லை. குளிரூட்டப்பட்ட காரில் விரைபவருக்கு நிழல் தேவையில்லை. மரக்கன்று நட்டுவிட்டோம் என்பதும் பதிலாகாது. இன்று நட்ட கன்று இன்றைய உழைப்பாளிக்கு நிழல் தராது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. பழம்பெரும் மரங்களின் பட்டியலைக் கிராம சபைகளும் நகர்மன்றங்களும் தயாரிக்க வேண்டும். அதற்குச் சட்டத் தகுதி வேண்டும். மரத்துக்கு மட்டுமின்றி அதன் வேர்ப்பரப்புக்கும் எல்லை வகுத்து, அதற்குள் தோண்டுவதையும் மண் கொட்டுவதையும் தடை செய்ய வேண்டும். சாலை முடிந்த பிறகும் பல ஆண்டுகளுக்கு மரத்தின் நலனுக்கு ஒப்பந்ததாரரே பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். 2013, 2023ஆம் ஆண்டுகளின் தளர்வுகள் திரும்பப் பெறப்பட வேண்டும்.

போசே மக்கள் போராடிக் கோடரியைத் தடுத்தார்கள். அது வெற்றிதான், ஆனால் பாதி வெற்றி. மீதிப் பாதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அமைச்சரின் அறிவிப்போடு கலைந்து செல்லாமல், கடைசி வண்டி மண் அகலும் வரை காவல் நிற்கும் மக்கள் இயக்கத்தால்தான் அதை வெல்ல முடியும்.