மேடை ஏறினால் மட்டும் ஏன் உறுத்துகிறது?

‘மிஸ் கூவாகம் போன்ற அழகிப் போட்டிகள் திருநங்கையரைக் காட்சிப்பொருளாக்குகின்றன, மரியாதை வேண்டுமென்றால் உழைத்துக் காட்டட்டும்’ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

உழைக்க வந்தவர்களை என்ன செய்தோம்? திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளராவதற்கு 2015இல் சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. வேலை கேட்டால் வழக்கு. வாடகைக்கு வீடு கேட்டால் கதவடைப்பு.

காட்சிப்பொருளா? பேருந்தில் திருநங்கை ஒருவர் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்கிறது. மொத்த வண்டியும் திரும்பிப் பார்க்கிறது. அந்தப் பார்வைக்கு அவர் சம்மதம் கேட்டது யார்? அவரே கூத்தாண்டவர் திருவிழாவையொட்டி விழுப்புரத்தில் நடக்கும் மிஸ் கூவாகம் மேடையில் பட்டுடுத்தி, தலைநிறைய மல்லிகை வைத்து, தன் பெயரைத் தானே சொல்லி நடக்கிறார். அங்கே கைதட்டல் விழுகிறது.

கிரீடம் சோறு போடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2014லேயே சொல்லிவிட்டது. உழைப்பைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் முதலில் அதைக் கேட்டுக் குரல் கொடுக்கட்டும். ஒரு மாலை நேர மகிழ்ச்சியைப் பிறகு அளக்கலாம்.