கண்ணோட்டம்னா 'பாயின்ட் ஆஃப் வியூ' மட்டும் இல்லை

டிசைன் திங்கிங் பேப்பர் எடுத்தவங்களுக்கு எம்பதி மேப் தெரிஞ்சிருக்கும். நாலு கட்டம் போட்டு, யூசர் என்ன சொல்றார், என்ன நினைக்கிறார், என்ன செய்றார், என்ன உணர்றார்னு ஸ்டிக்கி நோட் ஒட்டணும். கேட்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணாவுக்காக ஆப் டிசைன் பண்ற டீம், அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசாமலே ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து நாலு கட்டத்தையும் நிரப்பிடும். மார்க்கும் வந்துடும்.

சரி, எம்பதிக்குத் தமிழ்ல என்ன? முழிக்காதீங்க, இங்கிலீஷ்லயே அது புதுசுதான். 1909ல டிட்ச்னர் என்ற உளவியலாளர், 'ஐன்ஃப்யூலுங்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு ஈடாகக் கொண்டுவந்தது. அந்த ஜெர்மன் சொல்லும் முதலில் கலை ரசனை பற்றிய பேச்சில் புழங்கியது. ஒரு சிலையையோ தூணையோ பார்க்கும்போது நம்ம உணர்வை அதுக்குள்ளே செலுத்திப் பார்ப்பது என்று பொருள். சிலையிலிருந்து மனுஷங்க பக்கம் வர அதுக்குக் கொஞ்ச காலம் ஆச்சு.

தமிழ்ல இப்போ 'ஒத்துணர்வு' என்று எழுதுகிறார்கள். சரியான சொல்தான், ஆனா யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. நாம சொல்றது "பாவம்டா அவன்". கூடவே ஒரு உச்சு. ஒருத்தன் செய்த தப்புக்கும் ஒருத்தன் படுற கஷ்டத்துக்கும் ஒரே சொல்லை வச்சிருக்கோம், யோசிச்சா கொஞ்சம் பயமா இருக்கு. பச்சாதாபம் இன்னும் வேடிக்கை. வடமொழியில் அது தான் செய்ததுக்குத் தானே பிறகு வருந்துவது. தெலுங்கு நண்பர்கள்கிட்ட கேட்டுப் பாருங்க, அவங்களுக்கு இன்னைக்கும் அதுதான் அர்த்தம். நம்மகிட்ட அது அடுத்தவனைப் பார்த்து வருந்துவதா மாறிடுச்சு. அப்புறம் இரக்கம். என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆட்கள் பாதி பேர் அதை 'இறக்கம்'னு எழுதுவோம். தப்புதான், ஆனா மேலே இருக்கிறவர் கொஞ்சம் இறங்கி வர்றார்னு பார்த்தா அதுவும் பொருந்துது!

இந்தச் சொற்கள் எல்லாத்திலும் எனக்கு ஒரு குறை இருக்கு. எல்லாமே உணர்றவர் மனசுக்குள்ளேயே முடிஞ்சுடுது. நீங்க உச்சு கொட்டினா உங்களுக்கு ஆறுதல். எதிரில் இருக்கிறவனுக்கு ஒண்ணும் மாறலை.

மாறுகிற ஒரு சொல் நம்மகிட்ட இருக்கு: கண்ணோட்டம். இன்னைக்கு அதைக் கட்டுரையில் 'என் கண்ணோட்டத்தில்' என்று எழுதத்தான் பயன்படுத்துறோம். திருக்குறளில் அது 58ஆவது அதிகாரம். அங்கே அதுக்கு அர்த்தம், பழகியவர் மேல் கண் ஓடி, அவருக்கு இணங்கி நடப்பது. அது எங்கே இருக்குன்னு பாருங்க. அன்புடைமையும் அருளுடைமையும் அறத்துப்பாலில் இருக்கு. கண்ணோட்டம் மட்டும் பொருட்பாலில், அரசனுக்குச் சொல்ற பகுதியில், கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்ற அதிகாரங்களுக்கு அடுத்து வருது. அதாவது அதிகாரம் கையில் இருக்கிறவனுக்குச் சொன்னது. அதிலும் ஒரு கண்டிஷன்: செய்ய வேண்டிய வேலை கெடக் கூடாது.

எனக்கு எம்பதியைவிட இந்தச் சொல் பிடிச்சதுக்குக் காரணம் அந்தக் கண்டிஷன்தான். அரசன்னதும் யாரோன்னு நினைக்காதீங்க. கிளாஸ் ரெப், பிளேஸ்மென்ட் கோஆர்டினேட்டர், டெக் ஃபெஸ்ட் ஹெட் எல்லாரும் ஒரு சின்ன அரசர்தான்.

பிளேஸ்மென்ட் சீசனில் நடக்கிற ஒண்ணு சொல்றேன். கம்பெனி 'ஸ்டாண்டிங் அரியர் இருந்தா எழுத முடியாது' என்கிறது. ரூல், அதை ஒரு ஸ்டூடன்ட் மாத்த முடியாது. ஆனா கோஆர்டினேட்டர் என்ன செய்றார்? 'நாட் எலிஜிபிள்'னு பேர், ரெஜிஸ்டர் நம்பர், அரியர் எண்ணிக்கையோட ஒரு பிடிஎஃப், டிபார்ட்மென்ட் முழுக்க இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில். ஃபீஸ் பாக்கி லிஸ்ட்டும் இப்படித்தான் வருது. எஜுகேஷன் லோன் தவணை பேங்க்ல இருந்து வரத் தாமதமானவன் பேரும் அதுல இருக்கும். கீழே நாலு பேர் அழுகிற எமோஜி போடுவாங்க. அது அனுதாபம், வச்சுக்கோங்க.

"பப்ளிக்கா போட்டாதான் கட்டுவாங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க. கையில் காசு இருந்தும் கட்டாதவனுக்கு வேணும்னா அது பலிக்கும். லோனுக்காகப் பேங்க் வாசலில் நிக்கிறவன் வெட்கப்பட்டா லோன் சீக்கிரம் வந்துடுமா? அரியர் லிஸ்ட்டுக்கு இந்தச் சாக்கும் கிடையாது. அங்கே யாரும் எதையும் கட்டப் போறதில்லை.

கோஆர்டினேட்டரா இருக்கிற ஜூனியர்ஸ், உங்ககிட்டதான் கேட்கிறேன். அந்த லிஸ்ட் எப்படியும் உங்க எக்ஸெல் ஷீட்டில் மெயில் ஐடியோட இருக்கு. மெயில் மெர்ஜ் போட்டா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போயிடும். பத்து நிமிஷ வேலை. ரூலும் அப்படியே இருக்கும், கம்பெனிக்கும் சரியான லிஸ்ட் போகும். அனுப்பறதுக்கு முன்னாடி டெஸ்ட் மெயில் ஒண்ணு உங்களுக்கே அனுப்பிப் பார்த்துக்கோங்க, பேர் காலம் மாறிப்போனா வேற பிரச்சினை.