கவுன்சலிங் போகணும்... இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

பட்டாசு ஆலை விபத்துச் செய்தி எப்பவும் ரெண்டு எண்களோடு முடிந்துவிடும். இத்தனை பேர் பலி, இத்தனை பேர் காயம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 உயிர்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இந்தக் கணக்கில் வராத ஒருத்தர் இருக்கிறார். பக்கத்து ரூமில் வேலை பார்த்து, ஒரு கீறல்கூட இல்லாமல் ஓடிவந்து தப்பித்தவர். அதற்கப்புறம் குக்கர் விசில் அடித்தாலே அவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தூக்கம் இல்லை. காலையில் ஃபயர் ஆபீஸ் வேன் வந்து நின்றால் ஏற முடியவில்லை.

அவர் உங்க அம்மாவாகவோ அண்ணனாகவோ இருந்தால், யாரிடம் கூட்டிப்போவீங்க? செலவை யார் பார்ப்பது?

‘கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர்’ என்று போனில் தேடினால் அமெரிக்கக் கதைதான் வரும். நம்ம ஊரில் அவருக்குப் பெயர் மனநல சமூகப் பணியாளர். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, சமூகப் பணியில் முதுகலையும் அதற்கு மேல் ரெண்டு வருட எம்.ஃபில்லும் முடித்தவர். மாத்திரை எழுதித்தருவது டாக்டர். வீட்டில் உள்ளவர்களை உட்காரவைத்துப் பேசுவது, திரும்ப வேலைக்குப் போகலாமா என்று கூடவே யோசிப்பது இவர். ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்டியவர் எல்லாம் இவர் ஆகிவிட மாட்டார். என்ன படிச்சிருக்கீங்கன்னு கேளுங்க, தப்பே இல்லை.

மாவட்ட மனநலத் திட்டக் குழுவில், மனநல டாக்டரோடு இவருக்கும் இடம் உண்டு. சூலக்கரையில் இருப்பவர்கள் விருதுநகர் டவுனுக்குப் போய் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேட்டால் போதும். இலவசம். போகவே தயக்கமா? முதலில் 14416-க்குப் பேசிப் பாருங்க. 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் எண் அது, தமிழிலேயே பேசலாம்.

இப்போ இன்ஷூரன்ஸ். உடல்நோய்க்கு என்ன பாலிசியோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரணும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா பாலிசியிலும் இதைச் சேர்க்கச் சொன்னது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் பெட்டில் படுத்தால்தான் பணம் தரும். வாரம் ஒருமுறை போய் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வருவது ‘ஓ.பி’ கணக்கு. அதனால் போன் போட்டால், “மனநோய் கவர் ஆகுமா?” என்பதோடு நிறுத்தாதீங்க. ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஓ.பி கவுன்சலிங்குக்கு உண்டா, டாக்டர் அல்லாதவர் தரும் பில்லை ஏற்பீர்களா என்று கேளுங்க. பதிலை மெயிலில் வாங்கிக்கோங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் இதையே 1800 425 3993-ல் கேட்கலாம்.

ஆனால் ஒரு பட்டாசுத் தொழிலாளிக்கு நிஜமாக உதவக்கூடியது இந்த ரெண்டும் இல்லை, ஈ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவிகிதம்தான், முதலாளி பங்கு 3.25. சிவகாசியில் அதற்கென்றே மருத்துவமனை இருக்கிறது. ஓ.பி-யும் அதில் அடக்கம். சந்தா நாட்கள் சரியாக இருந்து டாக்டர் ஓய்வு எழுதித்தந்தால், வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவிகிதச் சம்பளமும் வரும். வேனில் ஏற முடியாத அந்த மனுஷனுக்கு வேண்டியது இதுதானே?

சிக்கல் இங்கேதான் வருகிறது. லைசென்ஸ் ஒருத்தர் பெயரில், ஆலையை நடத்துவது உள்குத்தகைக்காரர் என்றால், பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவரின் பெயர் எந்த ரெஜிஸ்டரிலும் இருக்காது. செத்தால்கூட நிவாரணம் அறிவிப்பார்கள். உயிரோடு பயந்துகொண்டிருப்பவருக்கு அங்கே வேலை பார்த்ததற்கே அத்தாட்சி இல்லை. இன்னைக்கு ராத்திரி வீட்டில் கேட்டுப் பாருங்க. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ பிடிக்கிறாங்களா, இன்ஷூரன்ஸ் நம்பர் தந்திருக்காங்களா? நம்பர் இருந்தால் போட்டோ எடுத்து உங்க போனிலும் வெச்சுக்கோங்க.