சில்லினுள் பூட்டிய நம்பிக்கை

களனி ஆற்றின் பெருந்துறையைப் போர்த்துக்கேயர் குறித்த சொல்லிலிருந்து கிராண்ட்பாஸ் என்னும் பெயர் பிறந்தது. ஆற்றுத்துறையிற் காவலன் செய்த வேலையை இன்று ஒரு சில்லிடம் ஒப்படைத்துவிட்டால் மோசடி ஒழியும், கணினி காக்கப்படும் என்போர் பெருகியுள்ளனர். 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு உடன்பாடு காணப்பட்டபின் இக்குரல் இலங்கையிலே வலுத்தது.

சில்லட்டையின் சிறப்பை மறுப்பது அறிவீனம். கடவுச்சொல்லை எவரும் எட்டிப் பார்த்துத் திருடலாம். சில்லோ தன் இரகசியச் சாவியை வெளியே விடுவதில்லை. கணினி விடுக்கும் வினாவுக்கு உள்ளேயே கணக்கிட்டு விடையை மட்டும் தருகின்றது. ஆயினும், சில்லைத் திறவாமலே, அது கணக்கிடும்போது நுகரும் மின்சாரத்தின் ஏற்றவிறக்கத்தை அளந்து சாவியைக் கண்டறியலாமென 1999 இல் போல் கொச்சரும் அவர்தம் துணைவரும் நிறுவினர். எஸ்தோனியாவில் 2017 இல் நிகழ்ந்தது இதனினும் பாடம் தருவது. ஏறத்தாழ 7,60,000 அடையாள அட்டைகளின் சில்லுகளிலே, சாவியை ஆக்கும் முறையிலேயே குறையிருந்தது. வெளிப்படையான சாவியைக் கொண்டே இரகசியச் சாவியைக் கணித்துவிடும் வாய்ப்பு இருந்தது. தரச்சான்று பெற்ற சில்லுகள் அவை! குறையைக் கண்டவர் உற்பத்தியாளரல்லர், செக் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர். அந்நாட்டு அரசு அதனை மக்களுக்கு அறிவித்து, நவம்பரில் அச்சான்றிதழ்களை இடைநிறுத்தித் திருத்தியது.

இவையெல்லாம் பொறியியலாளரின் கவலைகள், திருத்தக்கூடியவை. கிராண்ட்பாஸ் தோட்டமொன்றிலே ஒற்றை அறையில் வாழும் தொழிலாளியின் கவலை வேறு. அவனது பெயர் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழைத்திருப்பின், சில்லு அப்பிழையை எவரும் அழிக்கவியலாதவாறு காக்கும். பதிந்தவன் மெய்யே பதிந்தானா என்பதை அறியும் ஆற்றல் அதற்கில்லை. மேலும், அச்சாவி அட்டையை வைத்திருப்பவனிடமிருந்தும் மறைக்கப்பட்டது. அவனது சட்டைப்பையிற் கிடப்பினும் அது வழங்கியவரின் பூட்டே. அட்டையை வாசிக்கும் கருவி எதை எங்கே பதிகின்றது என்பதை அவன் எவ்வாறு அறிவான்?

2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 376 பேர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் அவ்விடங்களுள் அடங்கும். அட்டை போலியா என்பதன்று அன்று எழுந்த கேள்வி. தலைநகரில் தங்கத் தக்க காரணமுண்டா என்பதே. களவு செய்யவியலாத சில்லொன்று அவர்களிடம் இருந்திருப்பின், அவர்கள் இன்னார் என்பது இன்னும் விரைவாக உறுதிப்பட்டிருக்கும், அவ்வளவே. மறுநாள் அதனைத் தடுத்தது உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை.

ஆதலின் சில்லுக்கு முன்னர் சட்டம் வேண்டும்: தன் பதிவை யார், எப்போது, எதற்காக வாசித்தார் என்பதைக் கேட்டறியவும் பிழையைத் திருத்தவும் ஒவ்வொருவனுக்கும் உரிமை வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்திசையில் ஓரடி. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, பிற்போடப்பட்டன.